தோல் வாடை: காற்றா, கரியா, சோடாவா, வினிகரா?

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு வாடை இருக்கத்தான் செய்யும். மரப்பட்டையும் மண்ணும் கலந்த துவர்ப்பு வாடை. அதையும் போக்க வேண்டும் என்று நினைப்பது காப்பியில் கசப்பே கூடாது என்பது மாதிரி. அதற்கு மேல் வருகிற நாற்றம்தான் தொல்லை. திண்டுக்கல், ஈரோடு பக்கமிருந்து வாங்கி வந்த தோலோ, ஊரிலேயே பதப்படுத்திய வெள்ளாட்டுத் தோலோ, தார்சாவில் விரித்த அன்றே வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்துவிடும். சாம்பிராணி போடு, சோடா தூவு, வெயிலில் போடு என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எதுவுமே முழுப் பொய் இல்லை. ஆனால் எல்லா வாடைக்கும் எல்லாம் கேட்காது.

முதலில் மோந்து பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பழைய எண்ணெய்ச் சட்டி மாதிரி சிக்கு வாடை அடித்தால், தோலுக்குப் போட்ட எண்ணெய் கெட்டிருக்கிறது. நம் பக்கத்துத் தோலுக்குப் புங்க எண்ணெய் போடுவது பழைய வழக்கம்; மீன் எண்ணெய் போடுவோரும் உண்டு. மழையில் நனைந்த மூட்டை மாதிரி அடித்தால் பூசணம். மூக்கைத் துளைக்கும் அழுகல் வாடை என்றால் தோலின் நடுப்பகுதிக்குப் பட்டைச் சாறு போய்ச் சேரவில்லை, உள்ளே இன்னும் பச்சைத் தோல்தான். ஓரத்தில் பிளேடால் மெல்லச் சீவிப் பாருங்கள். வெட்டுமுகம் முழுக்க ஒரே பழுப்பாக இருந்தால் நல்லது. நடுவில் வெளிறிய கோடு ஓடினால் கீழே நான் சொல்லப்போகிற பாதி வைத்தியம் வீண்.

வெயிலா, நிழல் காற்றா? எனக்குச் சந்தேகமே இல்லை, நிழல் காற்றுதான். நம் ஊர் வெயிலில் தோலைப் போட்டால் வாடை சீக்கிரம் குறைகிற மாதிரி இருக்கும். ஆனால் உள்ளிருக்கும் எண்ணெய் மேலே கசிந்துவரும், தோல் கருத்து விறைக்கும், மடித்த இடத்தில் வெடிக்கும். முடியோடு இருக்கும் ஆட்டுத்தோலின் முடிப்பக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் காலை வெயில் காட்டலாம். பூச்சிக்கும் பூசணத்துக்கும் அது நல்லது. மற்றபடி ஆனி, ஆடியில் வீசுகிற மேல்காற்றுக்கு ஈடான மருந்து கடையில் கிடையாது. கயத்தாறு, பணகுடிப் பக்கம் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. அதே மாதத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். அங்கே அதே காற்று சாரலோடு வரும், தோல் பூத்துப்போகும். காற்று நன்றாக இருந்தாலும் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், தினமும் திருப்பிப் போட வேண்டும். செம்மண் புழுதி படாமல் தோலுக்கு மேலே ஒரு மெல்லிய வேட்டித் துணி போர்த்துவது நல்லது.

தொங்கவிடும் கொடி கயிறாகவோ மூங்கிலாகவோ இருக்கட்டும். இரும்புக் கம்பி ஆகாது. பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் நீலக்கறுப்பாகக் கறை விழும், அது லேசில் போகாது.

அடுத்தது ஆப்ப சோடாவும் வினிகரும். இரண்டையும் எதிரெதிர் அணியாக நிறுத்திப் பேசுகிறார்கள்; உண்மையில் இரண்டும் வேறு வேறு வாடைக்கு. சிக்கு வாடையில் பெரும்பங்கு புளித்த கொழுப்பு அமிலங்கள். சோடா காரம் என்பதால் அவற்றை அடக்கும். மீன் கவிச்சி, அழுகல் வாடையில் பெரும்பாலும் அமோனியாவின் உறவுக்காரர்கள். அவையே காரத்தன்மை உள்ளவை, சோடாவுக்கு மசியாது, வினிகரின் அமிலத்துக்கு அடங்கும். இரண்டையும் கலந்து தடவு என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. நன்றாகப் பொங்கும், பிறகு ஒன்றை ஒன்று தின்றுவிட்டு உப்புத்தண்ணீராக நிற்கும்.

தோலுக்குக் கெடுதல் எதில் குறைவு என்று கேட்டால் வினிகரில்தான். பட்டையில் பதனிட்ட தோல் இயல்பிலேயே அமிலப் பக்கம், பி.எச். அளவில் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 3.5 முதல் 5 வரை. கடையில் விற்கும் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, மூலையில் சோதித்துவிட்டு ஒற்றினால் போதும். சோடா கரைசல் 8-க்கு மேல். காய்ந்த தோலில் காய்ந்த பொடியாகத் தூவி மறுநாள் தட்டிவிட்டால் ஒன்றும் ஆகாது. ஈரம் பட்டால் கருந்திட்டு விழும். முடித்தோலில் தூவினால் முடிக்கால்களில் சிக்கிய பொடியை எடுப்பது தனி வேலை. அதனால் எனக்கு வினிகர் மூன்றாம் இடம், சோடா அதற்கும் பின்னால்தான்.

காற்றுக்கு அடுத்த இரண்டாம் இடம் சிரட்டைக்கரிக்கு. வாடை பிடிக்கவென்றே பதப்படுத்திய, பேர் பெற்ற ஆக்டிவேட்டட் கார்பன் அளவுக்கு அதில் நுண்துளை கிடையாது, ஆகவே அளவைக் கூட்ட வேண்டும். காசு செலவில்லாத பொருள்தானே! இடித்து, பழைய துணியில் முடிச்சாகக் கட்டி, தோலோடு மூடிய டிரம்மிலோ பெட்டியிலோ போட்டுவைத்தால் வாடையையும் கொஞ்சம் ஈரத்தையும் சேர்த்தே பிடிக்கும். தோலில் எதையும் தடவாததால் கெட்டுப்போக வழியில்லை. முடிச்சை அவ்வப்போது வெயிலில் காய வைத்தால் மறுபடி உதவும். காற்றாடப் போட்ட பிறகு மிச்சமிருக்கும் வாடைக்கு இதுதான் சரி. நேராகக் கரிக்குப் போனால் நாள் கூடும்.

சாம்பிராணி, சூடம், பாச்சை உருண்டை, காப்பித்தூள் எல்லாம் ஒரே ஜாதி. மேலே இன்னொரு வாசனையைப் பூசுகிறவை. சாம்பிராணிப் புகை போட்ட தோல் ரெண்டு நாள் கோயில் மாதிரி மணக்கும், அப்புறம் கோயிலும் கவிச்சியும் சேர்ந்து அடிக்கும். பாச்சை உருண்டை பூச்சிக்கு நல்லதுதான், ஆனால் அதன் நெடியைப் போக்க இன்னொரு கட்டுரை எழுத வேண்டும்.

பூசணத்துக்கு மருந்துக்கடை ஸ்பிரிட் நன்றாக வேலை செய்யும். வெளியே வைத்துத் துலக்கிவிட்டு ஸ்பிரிட்டில் லேசாகத் துடைக்க வேண்டும். அது எண்ணெயையும் இழுத்துவிடுவதால் மறுபடி எண்ணெய் போடாமல் விடக்கூடாது. விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சீக்கிரம் சிக்காது. செருப்புக்கு விளக்கெண்ணெய் தேய்த்த பழைய ஆட்களுக்கு இது தெரியும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம், சில மாதத்தில் பழைய கதைதான்.

இனி அந்த வெளிறிய கோடு. அதற்கு ஒரே வழி மறுபடி பட்டைத் தொட்டிதான். ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றில், முதலில் நீர்த்ததில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானதில் போட வேண்டும். எடுத்ததுமே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்தோல் மட்டும் பதமாகி உள்ளே போகும் வழியை அடைத்துவிடும். தோல் இந்த நிலைக்கு வந்ததற்கே அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கடைசியில் கடுக்காய்ச் சாறு காட்டினால் வெயிலில் சிவப்பது குறையும். ஆட்டுத்தோலைவிட மாட்டுத்தோலுக்கு நாள் அதிகம். இதில் தோல் வேலை செய்தவரைக் குறை சொல்வது எளிது. நாற்றத்தைச் சொல்லியே அவர்களைத் தள்ளிவைத்த ஊர்கள் நம்முடையவை. பட்டை விலைக்கும் வாங்குகிறவரின் அவசரத்துக்கும் நடுவில்தான் தொட்டியில் கிடக்கும் நாள் குறைகிறது. முடிந்தால் தோலை அவரிடமே திருப்பிக் கொடுத்து, மறுதொட்டிக்குக் கூலி பேசுங்கள். வீட்டில் பிளாஸ்டிக் வாளியில் செய்வதைவிட அது மேல்.

மகுடம் என்கிற பறை, தவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் கட்டியிருப்பது பதனிடாத தோல், ஈரம் பட்டால் தொய்ந்து நாதம் போய்விடும். வினிகர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். காற்றும் பக்கத்தில் ஒரு கரி முடிச்சும் மட்டும் போதும், ஐப்பசி மழைக்கு முன்னால்.