‘கையில் பழகிய குஞ்சு’ என்று 6,500 ரூபாய் பிடுங்கினார்கள்: பட்ஜி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலைதான் அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்தார். அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. வீட்டு மாடியில் கூண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, சமூக வலைதளப் பக்கம் மூலமாக ‘ஹேண்ட் டேம்’, அதாவது கையில் பழக்கிய பறவைகள் விற்கிற ஆள். இந்த மாதிரி ஆட்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

மகள் ரொம்ப நாளாகக் கேட்டது ஒரே ஒரு பட்ஜி. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்கிறோமே, அதுதான். கடைகளில் ஜோடியே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இவர் ஒன்றுக்கே 3,500 கேட்டார். “குஞ்சுல இருந்து நானே சிரிஞ்சுல ஊட்டி வளர்த்ததுக்கா. ரெண்டு மாசம்தான் ஆகுது. பாப்பா தோள்லயே உக்காந்திருக்கும்” என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. கூண்டிலிருந்து எடுத்து மகளின் விரலில் வைத்தார். இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தது. மகள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். “பாருங்கக்கா, எவ்ளோ நம்பிக்கையா இருக்கு” என்றார். அந்த இடத்திலேயே போனில் பணம் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, “வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்” என்றார். இன்றுவரை வரவில்லை.

வீட்டுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் தெம்பு வந்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கையை விட்டால் போதும், கம்பியில் மோதி மோதிக் கீழே விழும். பறக்க முடியவில்லை. இறக்கையைப் பார்த்தால், இரண்டு பக்கமும் நீள இறகுகளைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள். மோதியதில் அலகின் மேல் ஓரத்தில் ரத்தம். மகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

அவருக்குச் செய்தி அனுப்பினேன். முதலில், “புது இடம்ல, செட் ஆகிடும்.” அடுத்து, “நீங்க பயப்படறீங்க, அதான் அதுவும் பயப்படுது.” அதற்கடுத்து, “நான் குடுக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்க?” கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: 3,000 ரூபாய்க்கு ‘டேமிங் பேக்கேஜ்’. தினமும் வீடியோ காலில் வந்து பழக்கிக் கொடுப்பாராம், பழகாவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருவாராம். குருவி படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அதையும் கட்டினேன். ஆக மொத்தம் 6,500 ரூபாய்.

வீடியோ கால் வரவே இல்லை. இரண்டு ஆடியோ வந்தது. ஒன்றில், துண்டால் மூடிப் பிடித்துத் தினமும் அரை மணி நேரம் கையிலேயே இறுக்கி வைத்திருக்கச் சொல்கிறார். இன்னொன்றில், “தீனியை எடுத்துடுங்க, பசிச்சா தானா கைக்கு வரும்” என்கிறார். இதைக் கேட்டதும் செய்யாமல், பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இவ்வளவு சின்னப் பறவை ஒரு நாள் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். பாடுபட்டு வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் சொல்கிற யோசனையா இது?

எடை 26 கிராம். 30க்கு மேல் இருக்க வேண்டுமாம். குஞ்சும் இல்லை. இரண்டு மாதக் குஞ்சுக்கு நெற்றியில் அலகு வரைக்கும் மெல்லிய வரிகள் இருக்கும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். இதற்கு நெற்றி வெறும் மஞ்சள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். வயது குறைந்தது எட்டு மாதத்துக்கு மேல். அன்று விரலில் அசையாமல் இருந்தது நம்பிக்கையே இல்லையாம். பலவீனமும் பயமும் சேர்ந்து உறைந்து போயிருக்கிறது. நம்புகிற பறவை கையில் இருந்துகொண்டே இறகைக் கோதும், தினையைக் கொத்தும்.

டாக்டர் சொன்னபடி கூண்டைச் சுவரோரமாக, கண் உயரத்துக்கு மாற்றினோம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறோம், கம்பி வழியாகத் தினைக்கதிரை நீட்டுகிறோம். அது பின்னால் நகர்ந்தால் நாங்களும் கையை எடுத்துவிடுகிறோம். மகள் பாடப் புத்தகத்தை அங்கேயே வைத்துப் படிக்கிறாள். இப்போது கதிரின் நுனியை மட்டும் எட்டிக் கொத்துகிறது. வெட்டிய இறகுகள் உதிர்ந்து புதிது முளைக்க மாதங்கள் ஆகும். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை, அந்த ஆளுக்குப் போனது 6,500 ரூபாய்!

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “பேக்கேஜ்ல நான் சொன்னதை நீங்க ஃபாலோ பண்ணலையே” என்கிறார். பட்டினி போடவில்லை என்பதுதான் என் மேல் குற்றமாம். நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுத்தேன் என்று சொன்னதும் பிளாக்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழகியது என்றால் கூண்டுக்குள் இருக்கும்போதே உங்கள் கையிலிருந்து தின்கிறதா பாருங்கள், அவர் எடுத்து வைப்பதை நம்பாதீர்கள். இறக்கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். 2018ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும், நம்பரைக் கேளுங்கள். “பச்சைக்கிளி குஞ்சும் இருக்கு, வெளிய சொல்லாதீங்க” என்றால் உடனே கிளம்பிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். என்னிடமும் அதைச் சொன்னார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், சண்டை போடுவதற்கு முன்னால் பணம் அனுப்பிய ரசீது, ஆடியோ எல்லாவற்றையும் வேறு போனில் சேமித்துவிடுங்கள். அந்த ஆள் தன் செய்திகளில் பாதியை அழித்த பிறகுதான் என்னை பிளாக் செய்தார்.