தாவலா, நளினமா?

ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் (ஐஸ் மேல் இசைக்குச் சறுக்கி ஆடும் விளையாட்டு) தாவலுக்கா நளினத்துக்கா, எதற்கு அதிக மார்க் போடணும் என்று கும்பகோணத்து வெயிலில் போனும் கையுமாக நம்மாட்கள் போடும் சண்டை இருக்கே, அப்பப்பா!

மார்க்: நான்கரைச் சுற்று ஆக்ஸல் என்ற தாவலுக்கு அடிப்படை மார்க்கே 12.5. நளினத்துக்கு மூன்று தலைப்பு, ஒவ்வொன்றும் பத்துக்கு மேல் ஏறாது.

நடுவர்: சுற்று குறைந்தால் ரீப்ளே காட்டிக்கொடுக்கும். நளினத்தில் பெயர் பெற்றவருக்குக் கை தாராளமோ என்று எனக்குச் சந்தேகம்.

விழுந்தால்: தாவல் மார்க்கிலும் அடி, மொத்தத்திலும் அடி.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் நான்கு சுற்று தாவாமலே அமெரிக்காவின் லைசாசெக் தங்கம் வாங்கியதை நளினத்தின் வெற்றி என்பார்கள். இல்லை சார், ஃப்ரீ ஸ்கேட் என்ற நீளமான ஆட்டத்தில் அவருக்கும் வெள்ளி வாங்கிய ரஷ்யாவின் பிளஷென்கோவுக்கும் நளின மார்க் ஒன்றே, 82.80 (அன்றைய மார்க் கணக்கு வேறு)! தாவல், சுழற்சி எல்லாம் சேர்ந்த தொழில்நுட்ப மார்க்கில்தான் முந்தினார்.

மெடல் கணக்குப் போடுபவர்கள் தாவலை எண்ணுங்கள். திருவையாற்றில் ஆலாபனைக்காகவே உட்காருகிற ஆளா? நளினத்துக்குப் பேர்போன ஸ்கேட்டர் ஜேசன் பிரவுன் வீடியோவைத் தேடுங்கள்.