கொல்லையில் ஒரு சின்னக் குளம்: களிமண்ணா, சிமெண்டா, பிளாஸ்டிக் விரிப்பா?

எங்கள் வீடு புதுக்கோட்டை ஆலங்குடிப் பக்கம். மண்வெட்டி போட்ட இடமெல்லாம் செம்மண். தங்கையைக் கட்டிக்கொடுத்தது மன்னார்குடிப் பக்கம். மழைக்காலத்தில் அங்கே நடந்தால் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு கொல்லையிலும் இன்று ஒவ்வொரு குளம் இருக்கிறது. அவளுடையது வெறும் களிமண். என்னுடையது முதலில் சிமெண்டில் கட்டியது. ஆறு வருடம் அதோடு போராடிவிட்டு, உடைத்து, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டேன். மூன்றோடும் பழகியதில் எனக்கு ஒன்று தெளிவானது. அடியில் மூன்றும் ஒரே மாதிரிதான் தண்ணீரைத் தாங்குகின்றன. எது நிலைக்கும் என்பது கரையோரத்தில், தண்ணீர் ஏறி இறங்கும் அந்த ஓர் அடி அகலத்தில்தான் முடிவாகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பென்சில் கனத்துக்கு உருட்டி, மோதிரம் போல் வளையுங்கள். உடையாமல் வளைந்தால் களி இருக்கிறது. அடுத்து இரண்டடிக் குழி வெட்டி, ஒரு தடவை நிரப்பி ஊறவிட்டு, மறுபடி சாயங்காலம் நிரப்பி வையுங்கள். காலையில் விரலளவுதான் இறங்கியிருக்கிறது என்றால் உங்களுக்குச் செலவு மிச்சம். எங்கள் கொல்லையில் விடியுமுன்னே குழி காய்ந்து கிடந்தது.

களி உள்ள நிலத்தில் வேறு யோசனையே வேண்டாம், களிமண் குளம்தான். நடவுக்கு முன் வயலைத் தொழி உழுவது எதற்காக? மண்ணில் உள்ள கட்டிகளும் துவாரங்களும் உடைந்து, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பதற்கு. குளத்துக்கும் அதே வேலைதான். களியை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. மொத்தம் முக்கால் அடி கனம் வந்தால் போதும். தங்கை வீட்டில் பிள்ளைகள் இரண்டு நாள் மிதித்தார்கள். மிதித்து முடித்ததும் உடனே தண்ணீர் விட்டுவிட வேண்டும், காய விடவே கூடாது. சரிவும் நிதானமாக இருக்க வேண்டும்: ஓர் அடி ஆழத்துக்கு இரண்டு, மூன்று அடி அகலம். அதனால் களிமண் குளம் இடத்தைக் கொஞ்சம் தின்னும்.

அதன் பலவீனம் சித்திரையில் தெரியும். தண்ணீர் இறங்க இறங்க, ஓரத்துக் களி காய்ந்து வெடிக்கிறது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பும்போது அந்த வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் போகிறது. நண்டு வளை போடுவதும் அதே இடத்தில்தான். தங்கை இதற்குச் செய்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. கரையைச் சுற்றி வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் படரவிட்டு, ஒரு மூலையில் சேம்பு வைத்தாள். இலை மூடியதால் ஓரம் காய்வதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் கீரையும் கிடைக்கிறது. நண்டு வளையை ஈரக்களி வைத்து அடித்து அடைத்துவிடுகிறார்கள்.

என் நிலத்தில் இதைச் செய்ய முடியாதா? முடியும். ஆனால் 12 அடி நீளம், 10 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள குளத்துக்கே நூறு கன அடிக்கு மேல் களி வேண்டும், அதாவது ஒரு யூனிட்டுக்கு மேல். அதை எங்கிருந்தோ ஏற்றி வர வேண்டும். கண்மாய் மண் என்றால் முறையாக அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

அதனால்தான் சிமெண்டுக்குப் போனேன். செங்கல் சுவர், உள்ளே பூச்சு, நேர் விளிம்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் மாதமே மீன் செத்தது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைக் காரமாக்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு, கொஞ்சம் சாணமும் கரைத்து, இரண்டு வாரம் ஊறவைத்து, இறைத்துக் கொட்டி, மறுபடி நிரப்பிய பிறகுதான் மீன் தங்கியது. சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் அந்த மீன்கள் பிழைத்திருக்கும்.

மூன்றாம் கோடையில் விளிம்பு வெடித்தது. காரணம் எளியது: கரையை உயர்த்துவதற்காகப் போட்டது நிரவல் மண். அது இறுகுவதற்கு முன்பே அதன்மேல் சுவர் ஏறிவிட்டது. மழையில் மண் அமுங்க, சுவருக்குத் தாங்கல் போயிற்று. கரிசல் மண்ணில் இதைவிட மோசம்; அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சிமெண்டால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. இதையெல்லாம்கூடப் பூசிப் பூசிச் சமாளித்தேன். ஒரு நாள் காலையில் அணில் ஒன்று உள்ளே மிதந்தது. தண்ணீர் குடிக்க இறங்கியதற்கு, வழவழப்பான நேர் சுவரில் ஏற வழியில்லை. தேரைகளுக்கும் அதே கதி. அன்றைக்கே உடைப்பது என்று முடிவுசெய்தேன்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிணற்றடியை ஒட்டி, மாடு வந்து குடிக்கிற இடத்தில், குளம்பு படுகிற கரைக்கு அதுதான் தாங்கும். ஆனால் வெட்டிய கெட்டி நிலத்தின்மேல் கட்டுங்கள். கோழிவலைக் கம்பி வைத்துப் பூசுங்கள். ஒரு பக்கமாவது கல் பதித்த சரிவு விடுங்கள்.

விரிப்பில் மூன்று ரகம் பார்த்தேன். சாதாரண தார்ப்பாய் மலிவு, ஆனால் வெயில் படும் இடத்தில் சீக்கிரமே பொடிந்துவிடும்; குளத்துக்கு ஆகாது. ஈபிடிஎம் ரப்பர் விரிப்பு நன்றாக இழுபடும், எந்த வளைவிலும் படியும், பல ஆண்டு உழைக்கும். விலைதான் கையைக் கடிக்கும். பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் எச்டிபிஇ என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விறைப்பாக இருப்பதால் மூலைகளில் மடிப்பு விழும், அது ஒன்றுதான் குறை. நான் போட்டது அதுதான். நீளத்தோடு இரண்டு பக்கத்து ஆழத்தையும், மேலே புதைக்கப் பக்கத்துக்கு ஓர் அடியையும் கூட்டுங்கள்: என் குளத்துக்கு 19 அடிக்கு 17 அடி வந்தது. துண்டு வாங்கி வீட்டில் ஒட்டாதீர்கள், கடையிலேயே சூட்டில் ஒட்டி ஒரே விரிப்பாகத் தரச் சொல்லுங்கள். அடியில் கல் பொறுக்கி, இரண்டு அங்குலம் மணல் போட்டு, பழைய சாக்கும் விரித்தேன்.

விரிப்புக்கும் எமன் விளிம்பில்தான் இருக்கிறான்: வெயில், நாய் நகம், பெருச்சாளி. அதனால் வெட்டும்போதே முக்கால் அடி ஆழத்தில் ஓர் அடி அகலப் படி ஒன்றைச் சுற்றிலும் விட்டேன். விரிப்பு அந்தப் படியில் ஏறி, கரையில் வெட்டிய வாய்க்காலில் புதைகிறது. படிமேல் கல்லும் மண்ணும் போட்டு வசம்பு, கல்வாழை நட்டேன். சரிந்து விழாமல் மண் நிற்பதற்கும், அணில் ஏறிப்போவதற்கும் அந்தப் படிதான் உதவுகிறது. மூங்கிலை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள், அதன் முளை விரிப்பைத் துளைத்துவிடும். அல்லியைத் தொட்டியோடு இறக்கி வைத்தேன். தாமரை ஆசையிருந்தால் அதற்கும் தொட்டிதான். கிழங்கு ஓட ஆரம்பித்தால் சின்னக் குளத்தில் வேறெதற்கும் இடமிருக்காது. ஊதாப்பூ அழகாக இருக்கிறதே என்று ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

ஆவியாவது மூன்றுக்கும் பொது. கோடையில் நாளுக்கு ஆறேழு மில்லிமீட்டர் போகும், என் குளத்தில் அது சுமார் 70 லிட்டர். ஐந்தாறு குடம் ஊற்ற முடியாது என்றால் குளத்தைச் சிறியதாக வெட்டுங்கள்.

கொசுவுக்கு நான் கப்பி மீன் விட்டிருக்கிறேன். தங்கைக்கு அந்த வேலையும் இல்லை. வாய்க்கால் தண்ணீரோடு சின்ன மீன்கள் தாமாகவே வந்துவிட்டன. போன தை மாதம் வந்தபோது ஈரச்சாக்கில் சுற்றி வல்லாரைக் கொடி கொண்டுவந்தாள். வடக்குக் கரையில் விரிப்பின் ஓரம் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. மேற்கில் இன்னும் நான்கு முழம் பாக்கி இருக்கிறது. அதுவரை அங்கே ஈரச்சாக்குதான் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.