அக்குள் வியர்வை: பல வருடப் பயன்பாட்டில் எது கைகொடுத்தது?

வெயிலில் நடந்தால் எல்லோருக்கும்தான் வியர்க்கும். நான் சொல்ல வருவது அதை அல்ல. குளிர்ந்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சட்டையின் இரண்டு அக்குள்களும் நனைந்து, ஈரம் விலா வழியாக இடுப்பு வரை இறங்குமே, அந்த வியர்வை. எனக்கு இது பதின்ம வயதில் தொடங்கியது. ரோல்-ஆன், மருந்துக் கரைசல், மாத்திரை, ஊசி என்று வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். என் அனுபவத்தில் முதலிடம் அலுமினியம் குளோரைடு கரைசலுக்கு. அடுத்தது பொட்டாக்ஸ் ஊசி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது சுத்தக்குறைவால் வருவதில்லை. ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று மருத்துவத்தில் பெயருள்ள ஒரு நிலை. வியர்வைச் சுரப்பிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் மற்றவர்களுக்கு இருப்பது போலவேதான் இருக்கும். அவற்றை இயக்கும் நரம்புகள் தேவைக்கு மேல் தூண்டிக்கொண்டே இருப்பதுதான் பிரச்சினை. அதனால் ‘இன்னொரு தடவை குளி’, ‘டென்ஷன் ஆகாதே’ என்ற அறிவுரைகளால் ஒரு பயனும் இல்லை. அவை கேட்பவரை இன்னும் கூனிக்குறுக வைக்கின்றன, அவ்வளவுதான்.

தோல் மருத்துவர் என்னிடம் கேட்டவை எளிய கேள்விகள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்க்கிறதா? தூங்கும்போது நின்றுவிடுகிறதா? 25 வயதுக்கு முன்பே ஆரம்பித்ததா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்பதே என் பதில். அப்படியென்றால் பெரும்பாலும் வேறு நோய் எதுவும் பின்னால் இருக்காது. மாறாக, நடுவயதில் திடீரென்று தொடங்கினாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வியர்த்தாலோ, எடை குறைந்தாலோ விஷயம் வேறு. தைராய்டு, சர்க்கரை, காசநோய் போன்ற தொற்றுகள், சில மனச்சோர்வு மாத்திரைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த நிலையில் ரோல்-ஆன் வாங்கிக்கொண்டு இருக்காமல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சரி, பொருள்களுக்கு வருகிறேன். டியோடரன்ட் வாடையை மட்டும்தான் கவனிக்கும். ஈரத்தைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். டப்பாவின் பின்பக்கத்தில் அலுமினிய உப்பு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்கு இருக்கும் அளவுக்குச் சாதாரண ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போதவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல்தான் வாழ்க்கையை மாற்றியது.

இதில் பொருளைவிடப் பயன்படுத்தும் முறை முக்கியம். பலரும் காலையில் குளித்துவிட்டு, அவசரத்தில் பூசிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்புறம் ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். இதை இரவில் பூச வேண்டும். இரவில் சுரப்பிகள் அடங்கியிருக்கும். அப்போதுதான் உப்பு வியர்வைக் குழாயின் வாய்க்குள் இறங்கி, அங்கே அடைப்பாகப் படியும். வியர்த்துக்கொண்டிருக்கும்போது பூசினால் வியர்வையே அதை வெளியே தள்ளிவிடும். காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். அடைப்பு உள்ளே இருப்பதால் பலன் போகாது. முதலில் தினமும் இரவு, வியர்வை கட்டுக்குள் வந்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்று குறைத்துக்கொள்ள வேண்டும். தோலின் மேலடுக்கு உதிரும்போது அடைப்பும் போய்விடும் என்பதால் ஒரேயடியாக நிறுத்த முடியாது.

இதன் தொல்லை அரிப்பும் எரிச்சலும். ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் குளோரைடு அமிலத்தை உண்டாக்குகிறது. எரிச்சலுக்குக் காரணம் அதுதான். ஆகவே அக்குள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். குளித்துத் துண்டால் துடைத்ததும் காய்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நான் மின்விசிறிக்கு நேராகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், அல்லது ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காயவைப்பேன். மெல்லிய ஒரு பூச்சே போதும். ஷேவ் செய்த அன்றும் மறுநாளும் தொடவே தொடாதீர்கள். அப்படியும் தோல் சிவந்தால் சில நாள் இடைவெளி விட்டு, மருத்துவர் சொன்னபடி ஹைட்ரோகார்டிசோன் க்ரீம் பூசுவேன். 20 சதவீதம் தாங்காதவர்கள் அதைவிடக் குறைந்த செறிவுக்கு மாறலாம். துணியையும் இது அரிக்கும். இரவுக்குப் பழைய பனியனே நல்லது. வெள்ளைச் சட்டையின் அக்குளில் வரும் மஞ்சள் கறைக்கும் வியர்வையோடு சேர்ந்த அலுமினிய உப்புதான் பெரும்பாலும் காரணம்.

அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி ஒரு தொடர்பு இதுவரை நிரூபிக்கப்படவில்லை. நான் பயமில்லாமல் பயன்படுத்துகிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கரைசலின் எரிச்சலிலிருந்து ஓய்வு வேண்டும் என்று தோன்றிய கட்டத்தில் பொட்டாக்ஸுக்குப் போனேன். அழகு சிகிச்சை என்று பலர் நினைக்கும் இந்த ஊசிக்கு, கடுமையான அக்குள் வியர்வைக்காக 2004லேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்திருக்கிறது. முதலில் அயோடின் தடவி, காய்ந்ததும் மேலே ஸ்டார்ச் மாவு தூவினார்கள். வியர்க்கும் இடம் மட்டும் கருநீலமாக மாறியது. அந்த எல்லைக்குள் சிறு சிறு இடைவெளியில் மெல்லிய ஊசிகள். ஒரு பக்கத்துக்கு 50 யூனிட் என்பது வழக்கமான அளவு. சுருக்கென்று வலிக்கும், ஆனால் தாங்க முடியாத வலி இல்லை. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற, செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள் வெளிவருவதை மருந்து தடுத்துவிடுவதால் சுரப்பிக்குச் செய்தி போவதில்லை. ஒரு வாரத்துக்குள் அக்குள் காய்ந்துவிட்டது. சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தில் கையைத் தூக்கிப் பேச முடிந்தது. அந்த நிம்மதியை இதே பிரச்சினை உள்ளவர்கள்தான் புரிந்துகொள்வார்கள். குறை என்னவென்றால், பொதுவாக ஆறேழு மாதத்தில் பலன் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும், செலவும் அதிகம். அதனால்தான் எனக்கு இது இரண்டாம் இடம்.

மாத்திரைகளில் நான் சாப்பிட்டது ஆக்ஸிபியூட்டினின். வியர்வை குறைந்தது உண்மை. ஆனால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது, மலச்சிக்கலும் வந்தது. உடல் முழுவதும் வியர்வை குறைவதால் கடும் வெயிலில் உடம்பு சூடேறிவிடும் ஆபத்தும் உண்டு. கண் அழுத்தம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு இந்த வகை ஒத்துவராமல் போகலாம். அக்குளுக்காக மட்டும் தினமும் இதைச் சாப்பிடுவதை நான் விரும்பவில்லை.

நுண்ணலையால் சுரப்பிகளைச் சுட்டு அழிக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அதன் பலன் நீண்ட காலம் நிற்கும். நான் செய்துகொண்டதில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மார்புக்குள் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை விஷயத்தில் மட்டும் என் கருத்து உறுதியானது: அக்குளுக்காக அதைச் செய்யாதீர்கள். அங்கே நிற்கும் வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கிளம்பிவிடலாம். வெட்டிய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது பெரும்பாலும் முடியாது.

உடை விஷயத்தில் வெள்ளை, கறுப்பு, கருநீலம், சின்னச் சின்ன அச்சுள்ள துணிகள் ஈரத்தைக் காட்டிக்கொடுக்காது. வெளிர்நீலமும் சாம்பலும் உடனே காட்டிவிடும். உள்ளே ஒட்டிக்கொள்ளும் வியர்வைப் பட்டைகள் நீண்ட பயணங்களுக்கு உதவும், தினசரிக்குத் தொல்லை.

இப்போது என் வழக்கம் இதுதான்: வாரம் இரண்டு இரவு கரைசல், காலையில் கழுவியதும் சாதாரண டியோடரன்ட். முக்கியமான வேலைகள் தொடர்ந்து வரும் வருடமென்றால் பொட்டாக்ஸ். ஊசியின் பலன் குறைவது தெரிந்ததும், முழுசாக நனையும்வரை காத்திருக்காமல் அன்றிரவே கரைசலுக்குத் திரும்பிவிடுவேன். இடையில் ஈரமான நாள்கள் மிகக் குறைவு.