நீலக் குதிரையா, கிழித்த காகிதமா?

குழந்தைக்கு ஓவியத்தையும் நிறத்தையும் அறிமுகப்படுத்தும் படப்புத்தகங்களில் எதை முதலில் வாங்குவது என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இரண்டைச் சொல்வேன்: லியோ லியோனி 1959-இல் வெளியிட்ட ‘சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்’, எரிக் கார்ல் 2011-இல் வெளியிட்ட ‘நீலக் குதிரையை வரைந்த ஓவியர்’.

ரயிலில் பேரக்குழந்தைகளை அமைதிப்படுத்துவதற்காகப் பத்திரிகைத் தாளைக் கிழித்து லியோனி சொன்ன கதைதான் பின்னர் நூலாயிற்று. அதில் வரும் பிள்ளைகளுக்குக் கண்ணோ கையோ வாயோ கிடையாது, வெறும் நிறத்துண்டுகள். ஆயினும் நீலமும் மஞ்சளும் கட்டிக்கொண்டு பச்சையாகிவிட, பெற்றோரே அவர்களை அடையாளம் காணாமல் போகும் பக்கத்தில் குழந்தைகள் உண்மையாகவே கலங்குகிறார்கள். வடிவமின்றி நிறத்தால் மட்டுமே உணர்ச்சியைச் சொல்ல முடியும் என்பதை இதைவிட எளிமையாகக் காட்டிய நூலை நான் கண்டதில்லை.

கார்லின் நூலுக்குப் பின்னால் ஒரு கனத்த வரலாறு உண்டு. நாஜி ஆட்சியின்போது ஜெர்மனியில் வளர்ந்த கார்லுக்கு, தடைசெய்யப்பட்ட நவீன ஓவியங்களின் அச்சுப்படிகளை அவருடைய ஓவிய ஆசிரியர் இரகசியமாகக் காட்டினார். 1911-இல் நீலக் குதிரைகளைத் தீட்டியவரும் 1916-இல் வெர்டன் போர்முனையில் இறந்தவருமான ஃபிரான்ஸ் மார்க்கின் படைப்பும் அவற்றுள் இருந்தது. அந்த நன்றிக்கடனாகவே இந்நூலில் சிவப்பு முதலையும் மஞ்சள் பசுவும் ஆரஞ்சு யானையும் கறுப்புப் பனிக்கரடியும் பக்கத்துக்கு ஒன்றாக வருகின்றன. சொற்கள் மிகக் குறைவு என்பதால் தமிழில் சொல்லிக் காட்டுவதும் எளிது.

ஆனால், பனிக்கரடி வெண்மையானது என்று அறியாத குழந்தைக்குக் கறுப்புப் பனிக்கரடி வியப்பளிக்காது. நம் பிள்ளைகளிடம் அந்நூலில் வரும் ஊதா நரியைவிட யானையும் பசுவுமே சிரிப்பை வரவழைப்பதும் அதனால்தான். ஆகவே இரண்டு, மூன்று வயதில் லியோனி, நான்கைத் தாண்டியபின் கார்ல் என்பதே என் வரிசை. குரோக்கெட் ஜான்சனின் ‘ஹரால்டும் ஊதா கிரேயானும்’ (1955) அருமையான கதையே. ஆனால் அது கோட்டின் கதை, நிறத்தின் கதையன்று.

இந்த வரிசையை ஒரு சூழலில் மட்டும் மாற்றுவேன். “குதிரை நீலமா இருக்குமா?” என்று எவரோ திருத்தியதால், வண்ணப்பெட்டியில் கைவைக்குமுன் சரியான நிறம் எது என்று நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு, வயது எதுவாயினும், கார்லையே முதலில் கொடுப்பேன்.