படப்பிடிப்புத் திட்டமிடல் மென்பொருள்: 22 நாள் படப்பிடிப்புக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

சிறிய முதலீட்டில் எடுக்கப்பட்ட ஒரு முழுநீளப் படத்தில் முதன்மை உதவி இயக்குநராக வேலை பார்த்தபோது, சந்தா கட்டிப் பயன்படுத்தும் திட்டமிடல் மென்பொருள் ஒன்றை, திரைக்கதை கைக்கு வந்த நாளிலிருந்து கடைசி நாள் பேக்கப் வரை தொடர்ந்து பயன்படுத்தினேன். குறைகளையும் விரிவாக எழுதப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இவ்வகை மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே அடிப்படையில் இயங்குவதால், வேறொன்றை வாங்க எண்ணியிருப்பவருக்கும் இது உதவும்.

திரைக்கதையை ஏற்றியவுடன் காட்சித் தலைப்புகளைப் படித்து, காட்சிக்கு ஒன்றாக, அதற்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பிரேக்டவுன் தாளை உருவாக்கித் தருகிறது. நடிகர்கள், துணை நடிகர்கள், உடை, பொருட்கள், வாகனம், ஒப்பனை, ஒலி என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் உண்டு. அவற்றை நிரப்பும் வேலையை யாரிடமும் ஒப்படைக்காமல் நானே செய்தேன்; நான்கு நாட்கள் பிடித்தன. தானாகவே பொருட்களைக் கண்டறியும் வசதியும் இருக்கிறது என்றாலும், வசனத்தில் பேச்சுக்குச் சொல்லப்படும் குடையையும் காட்சியில் உண்மையாகவே விரியும் குடையையும் அதனால் பிரித்தறிய முடிவதில்லை.

இதன் மிகச் சிறந்த பகுதி, எந்தக் காட்சியை எந்த நாளில் எடுப்பது என்று அடுக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப் போர்டு. ஒவ்வொரு காட்சியும் ஒரு வண்ணப் பட்டையாகத் திரையில் நிற்கிறது. பகல் உட்புறத்துக்கு வெள்ளை, பகல் வெளிப்புறத்துக்கு மஞ்சள், இரவு உட்புறத்துக்கு நீலம், இரவு வெளிப்புறத்துக்குப் பச்சை என்ற பழைய வழக்கத்தையே பின்பற்றியிருக்கிறார்கள். முதலில் லொகேஷன் வாரியாகவும், அதற்குள் பகல் இரவு வாரியாகவும், அதற்குள் நடிகர் வாரியாகவும் பட்டைகளை அடுக்கினால் முதல் வரைவு அரை நாளில் உருவாகிவிடுகிறது. அதன் பிறகு எந்தப் பட்டையை நகர்த்தினாலும் ஒவ்வொரு நடிகரும் வேலை செய்யும் நாட்களும் சும்மா காத்திருக்கும் நாட்களும் அக்கணமே மாறுவதைப் பார்க்கலாம். அப்பா வேடத்தில் நடித்தவர் 3ஆம் நாள் நடித்துவிட்டு 10ஆம் நாள் வரை காத்திருக்கும்படி முதல் வரைவு அமைந்திருந்தது. மருத்துவமனைக் காட்சிகள் இரண்டை முன்னே கொண்டுவந்ததும் அந்த இடைவெளி ஒரே நாளாகக் குறைந்தது. காகிதத்தில் இதைக் கண்டுபிடித்திருப்பேனா என்பது எனக்குச் சந்தேகமே.

இனி, இதை வாங்குபவர் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய குறை. மென்பொருள் ஒரு நாளின் சுமையைப் பக்கங்களால் அளக்கிறது. திரைக்கதைப் பக்கத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, ஏறக்குறைய ஓர் அங்குல எழுத்தை ஒரு பங்காகக் கொள்வது தொழில்முறைக் கணக்கு. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு அது ஓரளவு சரியாகவே வருகிறது. எங்கள் திரைக்கதையில் ‘மழையில் நின்றுபோன பேருந்தை ஐவரும் இறங்கித் தள்ளுகிறார்கள்’ என்று ஒரு வரி இருந்தது, 1/8 பக்கம். அதே இரவில் மேலும் நான்கு காட்சிகளைச் சேர்த்தபோதும் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

செயற்கை மழைக்குக் குழாய்களைக் கட்டி, கேமராவில் தெரியும் சாலை முழுவதையும் நனைத்து முடிக்கவே நள்ளிரவாயிற்று. மழைத்தாரைகள் பின்னொளி இருந்தால்தான் இரவில் தெளிவாகப் பதிவாகும் என்பதால், கேமரா பேருந்தின் மறுபக்கம் போனபோது விளக்குகள் அனைத்தையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. பாத்திரங்கள் பேருந்திலிருந்து உலர்ந்த உடையோடு இறங்குகிறார்கள். ஆகவே ஒவ்வொரு டேக்குக்கும் உலர்ந்த உடை வேண்டும், உலர்ந்த தலைமுடி வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜோடி மட்டுமே வைத்திருந்தோம். மூன்றாவது டேக்குக்காக உடைகள் காயும்வரை யூனிட் முழுவதும் நின்றது. அன்றிரவு இரண்டு காட்சிகள் எடுக்கப்படாமல் போயின.

பிரேக்டவுன் தாளில் உத்தேச நேரத்தைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் காலியாக விட்டால் மென்பொருள் எதுவும் கேட்பதில்லை. அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு கூட்டிவிடுகிறது. இதைப் பெரிய வடிவமைப்புப் பிழையாகவே கருதுகிறேன். அன்றைக்குப் பிறகு ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், உடைப் பொறுப்பாளர் மூவரையும் உட்காரவைத்து, மீதிக் காட்சிகள் ஒவ்வொன்றுக்கும் தயாராக எவ்வளவு நேரம், எடுக்க எவ்வளவு நேரம் என்று கேட்டு நிரப்பினோம். பக்கக் கணக்கில் இலகுவாகத் தெரிந்த மூன்று நாட்கள் நேரக் கணக்கில் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டின, அவற்றைப் பிரித்துப்போட்டோம்.

இரவு பேக்கப்புக்கும் மறுநாள் வருகைக்கும் இடையிலான ஓய்வு நாம் குறிக்கும் அளவுக்குக் கீழே போனால் சிவப்பில் காட்டும் வசதி அருமையானது. அதைப் பதினோரு மணி நேரமாக வைத்து, எந்த நெருக்கடியிலும் குறைக்கவில்லை. இரவெல்லாம் உழைத்துவிட்டுத் தூக்கமில்லாமல் வண்டி ஓட்டுபவரின் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது.

யார் எப்போது எங்கே வர வேண்டும் என்று சொல்லும் அன்றாட அழைப்புத் தாளைத் தயாரிக்கும் பகுதி சுமார். விவரங்கள் ஸ்ட்ரிப் போர்டிலிருந்து தாமாகவே வந்துவிடுவதால் தட்டச்சுப் பிழைகள் குறைகின்றன. ஆனால் திருத்திய தாளும் பழைய கோப்புப் பெயரிலேயே போய்ச் சேர்கிறது. ஒலிப்பதிவுக் குழுவினர் கைப்பேசியில் இருந்த பழைய தாளைத் திறந்து பார்த்துவிட்டு, முந்தைய லொகேஷனில் போய் நின்றார்கள். அதன் பிறகு திருத்த எண்ணையும் அனுப்பிய நேரத்தையும் தாளின் தலையில் பெரிய எழுத்தில் நாங்களே சேர்த்தோம். துறைக்கு ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கையில் உள்ள எண்ணைச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தோம்.

இரண்டு மூன்று நாட்களில் முடியும் குறும்படத்துக்கு இது தேவையில்லை. சாதாரண அட்டவணைக் கோப்பே போதும். பத்து நாட்களுக்கு மேல், பல லொகேஷன்கள், வெவ்வேறு தேதிகள் கொடுத்த நடிகர்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். அடுத்த படத்துக்கும் இதையே எடுக்கப்போகிறேன். ஒவ்வொரு தாளிலும் தயாராகும் நேரம், உடை ஜோடிகளின் எண்ணிக்கை, ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் இடையே எதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற மூன்று கட்டங்களைக் கூடுதலாகச் சேர்த்து ஒரு மாதிரித் தாளை இப்போதே உருவாக்கி வைத்திருக்கிறேன்.