வலை நூலும் ஹெச்.எஃப்.ஐ.பி.யும்: சில வருடப் பழக்கத்தில் சொல்வது

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் கரையொதுங்கும் வலைத் துண்டுகளைச் சோதிப்பது எங்கள் ஆய்வக வேலைகளில் ஒன்று. அதற்காகச் சில வருடங்களாக நைலானைக் கரைக்கும் ஒரு திரவத்தை, ஹெக்ஸாஃப்ளூரோ ஐசோபுரோப்பனாலை, சுருக்கமாக ஹெச்.எஃப்.ஐ.பி., வாங்குகிறோம். வேலை சுத்தம். விலைதான் கண்ணைக் கட்டும்.

சாதாரண ஐசோபுரோப்பனாலின் இரண்டு மெத்தில் குழுக்களிலும் உள்ள ஆறு ஹைட்ரஜனுக்குப் பதில் ஃப்ளூரினை வைத்தால் இதுதான். ஃப்ளூரின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஓ.ஹெச். ஹைட்ரஜனின் பிடி தளர்கிறது. 17-ஐ ஒட்டி இருந்த பி.கே.ஏ. (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 9.3-க்கு இறங்கிவிடுகிறது. நைலான் சங்கிலிகளை இறுக்கி வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்புகள். ஹெச்.எஃப்.ஐ.பி. நடுவில் புகுந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடும், சூடே வேண்டாம்.

இதன் அடர்த்தி 1.6 (தண்ணீருக்கு 1) என்பதால் நண்டு வலையின் நைலான் நரம்பு, அதாவது ஒற்றை இழை, முதலில் மிதக்கும், ஒட்டியிருந்த மணல் அடியில் இறங்கும். அப்புறம் நரம்பு ஊதி, ஓரம் கொழகொழத்து, கண்ணாடிபோலாகி, இருந்த இடம் தெரியாமல் போகும். பக்கத்துக் குப்பியில் இழுவலையின் பாலிஎத்திலீன் நூல் அசையாமல் மிதந்துகொண்டிருக்கும். ஆனால் பாலியஸ்டரும் இதில் கரையும். கரைந்ததெல்லாம் நைலான் என்று எழுதிவிடாதீர்கள்.

"இதுக்கு எதுக்கு தம்பி மருந்து? தீக்குச்சி போதுமே" என்பார் வலை பொத்தும் அண்ணன் ஒருவர். ரகம் பிரிக்க மட்டும் என்றால் அவர் சொல்வது சரி. எரித்து மெழுகுவர்த்தி வாசம் வந்தால் பாலிஎத்திலீன். வெயிலில் கிடந்த நைலானில் சங்கிலி எவ்வளவு அறுந்திருக்கிறது என்று ஜெல் குரோமட்டோகிராஃபியில் (கரைத்த சங்கிலிகளை நீளவாரியாகப் பிரிக்கும் முறை) பார்க்கத்தான் இந்தச் செலவு.

தொல்லைகளும் உண்டு. கொதிநிலை 58 டிகிரிதான். சித்திரை வெயிலில் கரண்ட் போய், ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டு நின்றுவிட்டால் நான் பாட்டிலைத் தொடுவதே இல்லை. தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மெல்லிய கையுறையை நம்பக் கூடாது. மீதியைக் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தலாம். தொட்டியில் ஊற்றவே கூடாது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 2021 வரையறைப்படி இதுவும் பி.எஃப்.ஏ.எஸ்., அதாவது எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்ம வகைதான். கடல் குப்பையை ஆராயப் போய் இதைக் கடலுக்கு அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

நைலான் மட்டும் போதும் என்றால் ட்ரைஃப்ளூரோ எத்தனாலை முதலில் பாருங்கள். பி.கே.ஏ. 12.4, கொதிநிலை 74 டிகிரி. நைலானைக் கரைக்கும், விலையும் குறைவு.